மறைத்த சான்றின் மேல் வாங்கிய ஒப்புதல் செல்லாது

குற்றத்தை ஒப்புக்கொண்டவர் விசாரணையே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். விசாரணை இல்லாத இடத்தில் நியாயமான விசாரணைக்கான உரிமையும் இல்லை. ஆகவே அவர் குற்றமற்றவர் என்று காட்டும் சான்றை அரசு தன்னிடமே வைத்துக்கொண்டிருந்தாலும் அரசியல் சட்டம் மீறப்பட்டதாகச் சொல்ல முடியாது. 2018 செப்டம்பரில் அமெரிக்காவின் ஐந்தாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் முழு அமர்வாகக் கூடி, அல்வாரஸ் எதிர் பிரவுன்ஸ்வில் நகராட்சி வழக்கில் வந்து நின்ற இடம் இது. அப்படியோர் உரிமை இருப்பதாக முன்தீர்ப்புகள் நிறுவவில்லை, நாங்களும் அதை நீட்டிக்க மாட்டோம் என்று பெரும்பான்மை நீதிபதிகள் எழுதினார்கள். 2019-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை எதிர்த்த மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ள மறுத்ததால் தீர்ப்பு அப்படியே நிலைத்துவிட்டது.

இந்த வாதத்தை நான் முழுதாக மறுக்கிறேன். தர்க்கத்திலும் இது நிற்காது, அனுபவத்திலும் நிற்காது. இதை ஏற்றுக்கொண்டால் குற்றவியல் சட்டம் குடிமகனுக்குத் தந்திருக்கும் பாதுகாப்புகளில் மிக அடிப்படையான ஒன்று, அவனுக்கு அது அதிகம் தேவைப்படும் நேரத்தில் இல்லாமல் போகிறது.

முதலில் நடந்ததைப் பார்ப்போம். 2005 நவம்பரில், டெக்சாஸ் மாநிலத்தின் மெக்ஸிகோ எல்லையோர நகரமான பிரவுன்ஸ்வில்லில், அல்வாரஸ் என்ற 17 வயதுப் பையன் கைதாகிறான். பொது இடத்தில் போதையில் இருந்தான், ஒரு வாகனத்தில் திருட முயன்றான் என்பது சந்தேகம். லாக்கப்பில் இருந்த தொலைபேசி அவனுக்குப் பயன்படவில்லை. ஆத்திரத்தில் அதைப் போட்டு அடிக்கிறான். வேறு அறைக்கு மாற்றும்போது காவலருக்கும் அவனுக்கும் தள்ளுமுள்ளு ஏற்படுகிறது. பையன் என் கழுத்தைப் பிடித்தான், தொடையைப் பிடித்தான் என்று காவலர் சொல்கிறார். அரசு ஊழியரைத் தாக்கியதாக வழக்கு பதிவாகிறது. 2006-ல் பையன் குற்றத்தை ஒப்புக்கொள்கிறான். எட்டு ஆண்டு சிறைத் தண்டனையை நிறுத்திவைத்து, நன்னடத்தைக் கண்காணிப்பில் அவனை விடுகிறார்கள். கண்காணிப்பின் நிபந்தனைகளை அவனால் முடிக்க முடியவில்லை. சிறைக்குப் போகிறான். கிட்டத்தட்ட நான்கு ஆண்டுகள் உள்ளே இருக்கிறான்.

அந்தத் தள்ளுமுள்ளு முழுவதும் காவல் நிலையக் கேமராவில் பதிவாகியிருந்தது. காவலர் பலப்பிரயோகம் செய்தது சரியா என்ற துறை உள்விசாரணையில் அந்தப் பதிவு பார்க்கப்பட்டது. ஆனால் பையன் மேல் போட்ட குற்ற வழக்கின் கோப்புக்கு அது வந்து சேரவில்லை. ஒரே கட்டடத்தில் ஒரு மேஜையில் அவனைக் காப்பாற்றக்கூடிய வீடியோ இருந்தது. இன்னொரு மேஜையில் அவனைச் சிறைக்கு அனுப்பும் காகிதங்கள் தயாராயின. பல ஆண்டுகள் கழித்து, அதே நகரக் காவல்துறைக்கு எதிரான சம்பந்தமில்லாத வேறொரு வழக்கின்போதுதான் அந்தப் பதிவு வெளியே வந்தது. அதைப் பார்த்த டெக்சாஸ் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010-ல் அவன் உண்மையிலேயே நிரபராதி என்று அறிவித்தது. சாட்சியம் போதவில்லை என்ற விடுதலை அல்ல அது. குற்றமே செய்யவில்லை என்ற அறிவிப்பு. அவன் நகராட்சி மேல் வழக்குப் போட்டான். ஜூரி 20 லட்சம் டாலர் இழப்பீடு கொடுத்தது; வழக்குச் செலவுக்கு மேலும் 3 லட்சம் சேர்ந்தது. அந்த மொத்தத் தொகையையும் ரத்து செய்த தீர்ப்புதான் 2018-ல் வந்தது.

சான்றை வெளியிடும் கடமை விசாரணைக்கான கடமை மட்டுமே என்பது தீர்ப்பின் மையமான வாதம். அதன் வேர் 1963-ல் வந்த பிரேடி எதிர் மேரிலாந்து தீர்ப்பு. அந்தக் கொலை வழக்கில், கொன்றது நானே என்று கூட்டாளி கொடுத்த வாக்குமூலத்தை அரசுத் தரப்பு மறைத்துவிட்டது. குற்றத்துக்கோ தண்டனைக்கோ முக்கியமான, எதிரிக்குச் சாதகமான சான்றை மறைப்பது சட்டமுறைமையை மீறுவதாகும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கில் விசாரணை நடந்தது. ஆகவே விதி விசாரணைக்கு மட்டும்தான் என்கிறார்கள் ஐந்தாவது சர்க்யூட் நீதிபதிகள்.

விசாரணை எங்கே நடக்கிறது? அமெரிக்க மத்திய நீதிமன்றங்களில் தண்டனை பெறுபவர்களில் நூற்றுக்கு 97 பேர், மாநில நீதிமன்றங்களில் 94 பேர் குற்ற ஒப்புதலின் வழியாகவே தண்டனை பெறுகிறார்கள். 2012-ல் ஃப்ரை வழக்கிலும் லாஃப்லர் வழக்கிலும் உச்ச நீதிமன்றமே எடுத்துவைத்த கணக்கு இது. குற்றவியல் நீதி இன்று பெரும்பாலும் ஒப்புதல்களால் நடக்கிறது, விசாரணைகளால் அல்ல என்றும் அந்த நீதிமன்றமே எழுதியது. அதனால்தான், ஒப்புக்கொண்டால் குறைந்த தண்டனை என்று அரசுத் தரப்போடு நடக்கும் பேரத்தின்போதும் திறமையான வழக்கறிஞரின் உதவி பெறுவது எதிரியின் உரிமை என்று அந்த இரு வழக்குகளிலும் தீர்ப்பளித்தது. பேரம் நடக்கும் இடத்தில் வழக்கறிஞர் உண்டு, ஆனால் அவர் பார்க்க வேண்டிய சான்று கிடையாது என்றால் அந்த வழக்கறிஞர் எதை வைத்து ஆலோசனை சொல்வார்? வழக்கில் ஜெயிக்க வாய்ப்பு எவ்வளவு, தோற்றால் தண்டனை எவ்வளவு என்று கணக்குப் போட்டுத்தான் எந்த வக்கீலும் ஒப்புக்கொள் என்றோ எதிர்த்து நில் என்றோ சொல்கிறார். அந்தக் கணக்கின் முக்கியமான எண்ணை அரசு அழித்துவிட்டுக் கணக்கு போடச் சொல்கிறது. நூற்றில் மூன்று பேருக்கும் ஆறு பேருக்கும் மட்டும் கிடைக்கும் பாதுகாப்பை உரிமை என்று அழைக்க முடியாது.

அடுத்த வாதத்தை அரசுத் தரப்பு வழக்கறிஞர்கள் எல்லா நாட்டிலும் சொல்கிறார்கள். தான் செய்தானா இல்லையா என்பது எதிரிக்கே நன்றாகத் தெரியும். செய்யாதவன் ஏன் ஒப்புக்கொள்கிறான்? கேட்பவருக்கு நியாயமாகப் படும் கேள்விதான். ஆனால் குற்றவியல் நீதிமன்றத்துக்குள் ஒருநாள் உட்கார்ந்து பார்த்தவர் யாரும் இதை மனசாட்சியோடு கேட்க முடியாது.

செய்தோமா இல்லையா என்பதே எதிரிக்குத் தெரியாத வழக்குகள் ஏராளம். ஹூஸ்டன் நகரம் இருக்கும் ஹாரிஸ் கவுன்டியில் நடந்ததைப் பாருங்கள். காரை நிறுத்திச் சோதனை போடும் போலீஸ்காரர் ஏதோ ஒரு துகளைக் கண்டெடுக்கிறார். சின்னப் பையில் உள்ள ரசாயனத்தில் அதைப் போட்டுக் குலுக்குகிறார். நீலமாக மாறினால் கொக்கைன். வேறு பல சாதாரணப் பொருள்களும் அதே நீலத்தைக் காட்டும். ஜாமீன் கட்ட வழியில்லாதவர்கள், வேலை போய்விடும் என்று பயந்தவர்கள், பிள்ளைகளை வீட்டில் விட்டு வந்தவர்கள் சில நாள்களில் ஒப்புக்கொண்டு குறைந்த தண்டனை வாங்கினார்கள். மாதங்கள், சில சமயம் வருடங்கள் கழித்து ஆய்வகம் அந்தத் துகளைச் சோதித்தபோது அதில் போதைப்பொருள் எதுவும் இல்லை. தன் கார் சீட்டில் கிடந்த துகள் என்ன என்று அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? அந்த கவுன்டியில் ஒப்புதல் கொடுத்த பல பேருடைய தண்டனைகள் பின்னால் ரத்தாயின.

அல்வாரஸுக்கு வருவோம். போதையில் இருந்ததாகச் சந்தேகிக்கப்பட்ட 17 வயதுப் பையனைக் காவலர் கழுத்தோடு சேர்த்துப் பிடித்து அமுக்குகிறார். அந்தச் சில நொடிகளில் தன் கை எங்கே பட்டது என்று அவனால் உறுதியாகச் சொல்ல முடியுமா? உறுதியாகத் தெரிந்திருந்தாலும் அவனுக்கு என்ன பயன்? ஒரு பக்கம் சீருடை அணிந்த அதிகாரியின் சாட்சியம், இன்னொரு பக்கம் கைதான பையனின் சொல். ஜூரி யாரை நம்பும் என்பது அவனுக்கும் தெரியும், அவன் வக்கீலுக்கும் தெரியும். தான் நிரபராதி என்று தெரிவது வேறு, அதை நிரூபிக்க முடியும் என்று தெரிவது வேறு. ஒப்புதல் கொடுக்கலாமா என்ற முடிவு இரண்டாவதைப் பொறுத்தது. அந்த இரண்டாவதைத்தான் காவல்துறை தன் அலமாரியில் வைத்திருந்தது.

எதிர்த்து நின்றால் என்ன விலை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கென்டக்கியில் 88 டாலர் 30 சென்ட் மதிப்புள்ள கள்ளக் காசோலைக்காக ஒருவர் மேல் வழக்கு வந்தது. ஒப்புக்கொண்டால் ஐந்து ஆண்டு, மறுத்தால் தொடர் குற்றவாளிச் சட்டத்தின் கீழ் ஆயுள் தண்டனை என்று அரசு வழக்கறிஞர் நேராகவே சொன்னார். அவர் மறுத்தார். ஆயுள் தண்டனை கிடைத்தது. 1978-ல் போர்டன்கெர்ச்சர் எதிர் ஹேய்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதில் தவறில்லை என்றது. இப்படிப்பட்ட மிரட்டலை அனுமதித்துவிட்டு, செய்யாதவன் ஏன் ஒப்புக்கொள்கிறான் என்று கேட்பதற்கு எந்த நீதிமன்றத்துக்கும் தகுதி இல்லை.

மூன்றாவது வாதத்துக்கு 2002-ல் வந்த ருயிஸ் தீர்ப்பைத் துணைக்கு அழைக்கிறார்கள். பயணப் பெட்டியில் 30 கிலோ கஞ்சாவோடு பிடிபட்ட பெண்ணின் வழக்கு அது. அரசுத் தரப்பு சாட்சிகளின் நம்பகத்தன்மையைக் குலைக்கக்கூடிய தகவல்களை ஒப்புதலுக்கு முன் கொடுக்கத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி பிரையர் எழுதிய அந்தத் தீர்ப்பை ஊன்றிப் படிக்க வேண்டும். அங்கே அரசு நீட்டிய ஒப்பந்தத்திலேயே, எதிரி உண்மையில் நிரபராதி என்று நிறுவும் எந்தத் தகவல் இருந்தாலும் கொடுப்போம் என்ற வாசகம் இருந்தது. அந்த வாசகம் இருப்பதால் நிரபராதிகள் மாட்டிக்கொள்வார்கள் என்ற அச்சம் குறைகிறது என்று தீர்ப்பும் குறிப்பிட்டது. சாட்சியின் பழைய பொய்கள் ஒரு வகை. குற்றம் நடக்கவே இல்லை என்று காட்டும் வீடியோ முற்றிலும் வேறு வகை. இந்த வேறுபாட்டை ஏழாவது சர்க்யூட் நீதிமன்றம் 2003-லேயே எடுத்துக்காட்டியிருந்தது. ஐந்தாவது சர்க்யூட் அதைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டே தாண்டிப் போனது. ருயிஸ் தீர்ப்பு எந்தக் காப்பின் மேல் நின்றதோ, அந்தக் காப்பு அல்வாரஸுக்கு இல்லை. காப்பைக் கழற்றிவிட்டுத் தீர்ப்பை மட்டும் எடுத்துக்கொள்வது முன்தீர்ப்பைப் பின்பற்றுவதாகாது.

ருயிஸுக்கும் முன்னால், 1970-ல், பிரேடி என்ற அதே பெயர் கொண்ட வேறொருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒப்புதலுக்கு இலக்கணம் வகுத்தது. சூழ்நிலைகளையும் விளைவுகளையும் அறிந்து, தானாக முன்வந்து கொடுப்பதுதான் ஒப்புதல். மிரட்டியோ தவறான தகவல் தந்தோ வாங்கியது ஒப்புதல் ஆகாது. ஆதாரமே இல்லாத குற்றச்சாட்டை, அதைப் பொய்யாக்கும் பதிவைக் கையில் வைத்துக்கொண்டே எதிரியின் முன் நீட்டுவது தவறான தகவல் இல்லையென்றால் வேறு எதுதான் தவறான தகவல்?

சான்றுகளை முன்கூட்டியே கொடுக்கச் சொன்னால் செலவு கூடும், வேலை தடைபடும், பேரத்தின் பயனே போய்விடும் என்ற புலம்பலுக்குப் பதில் டெக்சாஸிலேயே இருக்கிறது. மைக்கேல் மார்ட்டன் என்பவர் மனைவியைக் கொன்றதாக 1987-ல் தண்டனை பெற்றார். அரசு வழக்கறிஞர் வெளியிடாத சான்றுகளும் மரபணுச் சோதனையும் சேர்ந்து 2011-ல் அவரை வெளியே கொண்டுவந்தன. அவர் பெயரிலேயே வந்த சட்டம் 2014 ஜனவரி 1 முதல் டெக்சாஸில் நடைமுறையில் இருக்கிறது. எதிரியின் குற்ற ஒப்புதலை ஏற்பதற்கு முன், என்னென்ன ஆவணங்கள் கொடுக்கப்பட்டன, பெறப்பட்டன என்ற பட்டியலை இரு தரப்பும் எழுத்தில் அல்லது திறந்த நீதிமன்றத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று அந்தச் சட்டம் கட்டாயமாக்குகிறது. அதனால் டெக்சாஸ் நீதிமன்றங்கள் ஸ்தம்பித்துப் போகவில்லை. ஐந்தாவது சர்க்யூட் 2018-ல் தீர்ப்பு எழுதியபோது அந்தச் சட்டம் நான்கு ஆண்டுகளுக்கு மேலாக அதே மாநிலத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சட்டமன்றம் நடைமுறையில் சாத்தியம் என்று நிரூபித்துவிட்ட ஒன்றை அரசியல் சட்டத்தின் பேரில் அறிவிக்க நீதிமன்றம் தயங்கியது வெட்கக்கேடு.

மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் தயங்கவில்லை. மூதாட்டி ஒருவரிடம் கொள்ளையடித்து அவரைப் பாலியல் வன்கொடுமை செய்த வழக்கில், பஃபி என்ற இளைஞர் 2002-ல் ஒப்புதல் கொடுத்து குறைந்தது 70 ஆண்டு தண்டனை பெற்றார். அவரைக் குற்றத்தோடு பொருத்தாத மரபணு முடிவு அரசிடம் இருந்தது. அவர் தரப்புக்கு அது தரப்படவில்லை. 2015-ல் பஃபி எதிர் பல்லார்ட் தீர்ப்பில் அந்த நீதிமன்றம், சாதகமான சான்றைப் பெறும் உரிமை ஒப்புதல் பேரத்தின்போதும் உண்டு என்று தெளிவாகச் சொல்லி, அவர் ஒப்புதலைத் திரும்பப் பெற அனுமதித்தது. வானம் இடிந்து விழவில்லை.

வழக்கு முடிந்தது முடிந்ததாக இருக்க வேண்டும், ஒப்புதல்களைக் கிளற ஆரம்பித்தால் முடிவே இருக்காது என்பது இன்னொரு வாதம். மாசசூசெட்ஸ் மாநில ஆய்வக வேதியியலாளர் ஆனி டூக்கன் சோதனை முடிவுகளில் செய்த மோசடி 2012-ல் வெளிவந்தது. அவர் கைபட்ட வழக்குகளில் பெரும்பாலானவை ஒப்புதலில் முடிந்தவை. அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2014-ல், ஒப்புதல் கொடுத்தவர்களும் நிவாரணம் கேட்கலாம், அரசுத் தரப்பின் முறைகேட்டை ஒவ்வொருவரும் தனித்தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை என்றது. 2017-ல் 21,000-க்கும் மேற்பட்ட வழக்குகள் ஒரே நடவடிக்கையில் தள்ளுபடியாயின. முடிந்த வழக்குகளைத் திறப்பதால் நீதி குலையும் என்பவர்கள் அந்த ஆயிரக்கணக்கான பேரில் ஒருவரிடம் போய் அதைச் சொல்லிப் பார்க்கட்டும். பொய்யான சோதனையின் மேல் நின்ற முடிவு நீடிப்பதில் சமூகத்துக்கு எந்த நன்மையும் இல்லை.

கடைசியாக, அல்வாரஸ்தான் வெளியே வந்துவிட்டாரே, வேறு வழிகள் இருக்கின்றனவே என்கிறார்கள். என்ன வழிகள்? வழக்கு நடத்தும் பணிக்காக அரசு வழக்கறிஞர் மேல் இழப்பீட்டு வழக்குப் போட முடியாது. 1976-ல் இம்ப்ளர் தீர்ப்பு அவர்களுக்கு முழுப் பாதுகாப்பு கொடுத்தது. அலுவலகத்தின் மேல் போடலாம் என்றால், 2011-ல் கானிக் எதிர் தாம்ப்சன் வழக்கில், 18 ஆண்டு சிறையில் இருந்தவருக்கு ஜூரி கொடுத்த 1 கோடியே 40 லட்சம் டாலரை உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ரத்து செய்தது. அல்வாரஸ் வழக்கிலும், நகராட்சியின் கொள்கையே இதற்குக் காரணம் என்று நிறுவவில்லை என்பது ரத்துக்குச் சொல்லப்பட்ட இன்னொரு காரணம். மார்ட்டன் வழக்கை நடத்திய அரசு வழக்கறிஞருக்குக் கிடைத்தது பத்து நாள் சிறை. பறித்த கிட்டத்தட்ட 25 ஆண்டுகளுக்குப் பத்து நாள். தனிநபரைத் தண்டிக்க முடியாது, நிறுவனத்தைப் பொறுப்பாக்க முடியாது, உரிமையும் கிடையாது என்றால் சான்றை மறைப்பவருக்கு எந்தப் பயமும் இல்லை. அந்தப் பதிவு வேறொரு வழக்கில் தற்செயலாக வெளிவராமல் இருந்திருந்தால் அல்வாரஸ் இன்றும் குற்றவாளிதான். தற்செயலை நிவாரணம் என்று அழைக்கக் கூடாது.

இந்தச் சண்டை அமெரிக்காவோடு நிற்பதில்லை. இந்தியாவில், குற்ற ஒப்புதல் பேரத்தை ஊழலுக்கு வழி என்று ஒரு காலத்தில் நம் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. பிறகு சட்ட ஆணையத்தின் 142-வது அறிக்கை அமெரிக்க அனுபவத்தைக் காட்டிப் பரிந்துரைத்தது. 2006 ஜூலை முதல் ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள பல குற்றங்களுக்கு அது நம் சட்டத்தில் நுழைந்தது. இப்போது புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் தொடர்கிறது. பேரத்தில் முடிந்த வழக்குக்கு வழக்கமான மேல்முறையீடு கிடையாது. உச்ச நீதிமன்றத்துக்குச் சிறப்பு அனுமதி மனுவோடோ உயர் நீதிமன்றத்துக்கு ரிட் மனுவோடோதான் போக வேண்டும். அரசுத் தரப்பு சார்ந்து நிற்காத வாக்குமூலங்கள், ஆவணங்கள், பொருள்களின் பட்டியலையும் எதிரிக்குக் கொடுக்க வேண்டும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த வரைவு விதிகள் சொல்கின்றன. அந்தப் பட்டியல் கைக்கு வரும் முன் பேர மனுவில் கையெழுத்து வாங்கினால் நம் ஊரிலும் அல்வாரஸ்கள் உருவாவார்கள்.

ஆகவே இந்த விஷயத்தில் சட்டம் சொல்ல வேண்டியது மூன்று. எதிரிக்குச் சாதகமான சான்று அரசின் எந்தப் பிரிவின் கையில் இருந்தாலும் ஒப்புதலுக்கு முன் கொடுக்கப்பட வேண்டும். கொடுக்காமல் வாங்கிய ஒப்புதலைத் திரும்பப் பெற எதிரிக்கு உரிமை வேண்டும், தண்டனை முடிந்த பிறகும். அந்தச் சான்று தெரிந்திருந்தாலும் இவர் ஒப்புக்கொண்டிருப்பார் என்று நிரூபிக்கும் சுமை, மறைத்த அரசின் மேல்தான் இருக்க வேண்டும். மறைக்கப்பட்டவர் மேல் அல்ல. இவற்றில் எதையும் ஏற்காத ஐந்தாவது சர்க்யூட் தீர்ப்பு பிழையானது. குற்றவியல் நீதிமன்றங்களில் நிற்கும் வழக்கறிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முழுப் பட்டியலையும் கேட்டு வாங்காமல் உங்கள் கட்சிக்காரரை எந்த ஒப்புதலிலும் கையெழுத்திட விடாதீர்கள்.